மீன் எண்ணும் இயந்திரத்துக்கு அம்மா வைத்த பொட்டு

இயந்திரங்களுக்கு இனம் கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். யாரும் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்கு வருடம் விலங்கியல் படித்துவிட்டு வெளியே வருகிறவனுக்கு இப்படிப்பட்ட நம்பிக்கைகள் சான்றிதழோடு சேர்த்து இலவசமாகக் கிடைக்கும். என்னுடைய நம்பிக்கை ஒரு காலைப்பொழுதுக்குக்கூடத் தாங்கவில்லை. பல்லேகமவுக்கு அந்தப் பக்கம், ஒரு பாலத்தடியில், அரசாங்கச் சொத்தான சாம்பல் நிற இயந்திரம் ஒன்று என் கண்முன்னே தமிழாகிவிட்டது. அதைத் தமிழாக்கியவர் என் அம்மா.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆறுகளில் மீன் எண்ணும் திட்டமொன்றில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். (என்னைப் பற்றி விசாரிக்கும் பெண் வீட்டுக்காரர்களிடம் அப்பா "ஆராய்ச்சி" என்று சொல்லிவைப்பார். "என்ன ஆராய்ச்சிங்க?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், உள்ளே பார்த்துத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லுவார்.) மழை தொடங்கியதும் லெஹெல்லா என்கிற பெரிய செதில் மீன்கள் மகாவலியிலிருந்து கிளையாறுகளுக்குள் நுழைந்து, முட்டையிடுவதற்காக மலைப்பக்கம் ஏறிப்போகும். எத்தனை போகின்றன என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே மீன்களும் நாங்களும் சௌக்கியமாகத்தான் இருந்தோம். மேலே அணை கட்டினால் எத்தனை மீனுக்கு வழி அடைபடும் என்று எங்கோ யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களே எண்ணுவதற்கு ஒரு சோனார் கருவியையும் அனுப்பிவைத்தார்கள்.

கருவிக்கு இரண்டு பாகம். சூட்கேஸ் போன்ற பெட்டிக்குள் ஒரு சின்னத் திரையும் பட்டரியும் இருக்கும். அதிலிருந்து நீளமான கேபிள் ஒன்று போய், தண்ணீருக்குள் இறக்கும் பாகத்தில் முடியும். தேங்காய் அளவில், தட்டையான வட்ட முகத்தோடு இருக்கும் அந்தப் பாகத்தை நாங்கள் "தலை" என்போம். கரையோரம் இரும்புக் கால் நட்டு, அதில் தலையைப் பொருத்தி, ஆற்றின் குறுக்கே பார்க்கவைத்துவிட்டால் வேலை முடிந்தது. தலையின் முகத்திலிருந்து ஒலி புறப்பட்டுப் போகும். மீன் குறுக்கே வந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பி அதே முகத்துக்கு வரும். திரையில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். முகத்தில் எண்ணெயோ பிசுக்கோ காற்றுக் குமிழியோ ஒட்டியிருந்தால் ஒலி போகாது, வராது என்று கூட வந்த கைந்நூலில் போட்டிருந்தது. அந்த வரிக்கு நான் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டதோடு அந்த விஷயத்தில் என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன்.

முதல் சோதனைக்கு முந்திய நாள் கருவியை மாத்தளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விடிந்ததும் அங்கிருந்தே புறப்படுவதாக ஏற்பாடு.

"புது மெஷினாடா?" என்றார் அம்மா.

"ஆமா. நாளைக்குத்தான் மொத தடவ தண்ணில எறக்கப் போறோம்."

"சாமி கும்பிடாமயா எறக்கப் போற?"

"அம்மா, இது கவர்மென்ட் சாமான்."

"கவர்மென்ட் சாமான்னா சாமி வேணாம்னு சொல்லுமா?"

நான் படித்தவன். விஞ்ஞானி. மறுத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் சோதனையில் என் பிழைப்பும் மாட்டியிருந்தது. சோதனை சரியாக நடந்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். மாரியம்மனும் நம் பக்கம் இருந்தால் கெட்டுப்போகாது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அம்மா விடியற்காலையில் இயந்திரத்தின் தலையைத் துவாயில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். யார் பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டாராம். இயந்திரத்துக்கு ராசி, நட்சத்திரம் தெரியாததால் அம்மா என்னுடையதைக் கொடுத்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து அதுவும் நானும் ஒரே நட்சத்திரம்.

திரும்பி வந்தபோது தலையின் உச்சியில் மூன்று கோடு திருநீறு. கழுத்தில் மஞ்சள் நூல், நூலில் ஓர் எலுமிச்சம்பழம். வட்ட முகத்தின் நட்டநடுவில் சந்தனமும் அதன்மேல் குங்குமப் பொட்டும். சும்மா பொட்டு இல்லை. அம்மாவின் பொட்டு.

அம்மாவின் பொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது அம்மாவும் நானும் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நான் பள்ளிக்கூடப் பையன். வழியில் கலவரக்காரர்கள் பஸ்ஸை மறித்து, தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று ஏறிப் பார்த்தார்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த சிங்களப் பெண் ஒருத்தி, அவர்கள் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் தன் சேலைத் தலைப்பை எச்சிலால் நனைத்து, அம்மாவின் பொட்டை ஒரே தேய்ப்பில் அழித்தாள். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது என் தங்கச்சி, இது என் மகன்" என்றாள். அவளால்தான் வீடு வந்து சேர்ந்தோம். அதை அம்மாவே ஆயிரம் தரம் சொல்லுவார். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவினார். மறுநாளிலிருந்து நெற்றியில் முதலில் தேன்மெழுகைத் தேய்த்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைக்கத் தொடங்கினார். யாருடைய சேலைத் தலைப்புக்கும் அது வராது. குளித்தாலும் போகாது. அந்த மெழுகைத்தான், அதே அக்கறையோடு, என் இயந்திரத்தின் முகத்திலும் தடவியிருந்தார்.

"தண்ணில எறங்குற சாமானுல்ல, அதான் கொஞ்சம் தடிப்பா வச்சேன்" என்றார்.

அந்தச் சிவப்பு அடிக்கோடு எனக்கு ஞாபகம் வரவில்லை. சேறும் தண்ணீரும் பட்டால் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டாம் வகுப்பு மேல்நிலைச் சித்தி பெற்றவனின் மூளை அன்று அவ்வளவுதான் வேலை செய்தது.

ஜீப் ஓட்டி வந்தவர் நசீர் நானா. மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் "நானா", அதாவது அண்ணன். எந்தச் சென்றிக் காவலரணிலும் எந்த மொழியிலும் பேசித் தப்பிக்கக்கூடியவர் என்று பெயர் வாங்கியிருந்தார். ஜீப்பின் கண்ணாடியில் அலுவலகத்தார் பிக்குவிடம் ஓதி வாங்கிக் கட்டிய பிரித் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நானா ஒட்டிய அரபு வசனம். பின்னால் பெட்டிக்குள் மாரியம்மன். நாட்டில் இல்லாத ஒற்றுமை அந்த ஜீப்பில் இருந்தது.

ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் பனி எல்லாம் தாண்டிக் கீழே இறங்கி, பல்லேகமவையும் கடந்து, வில்கமுவப் பக்கம் போகும் பாதையில் ஒரு பாலம். பாலத்துக்குக் கீழே ஆழமான மடு. லெஹெல்லா மீன்கள் அங்கே தங்கி இளைப்பாறிவிட்டுத்தான் மேலே ஏறும். அதனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். நாங்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இராணுவமும் அதே பாலத்தைத் தேர்ந்தெடுத்து மண்மூட்டை அடுக்கியிருந்தது. சில நாட்களுக்கு முன்தான் கிழக்கே எல்லைக் கிராமம் ஒன்றில் தாக்குதல் நடந்திருந்தது. எல்லோர் முகத்திலும் தூக்கம் கெட்ட களை.

ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். நான் பெருமையோடு திறந்தேன்.

அவன் இரண்டடி பின்னால் பாய்ந்ததை இன்றைக்கும் என்னால் நடித்துக் காட்ட முடியும். (குடும்ப விசேஷங்களில் நடித்தும் காட்டியிருக்கிறேன்.) சற்று யோசித்துப் பார்த்தால் அவன்மேல் தப்பில்லை. கனமான உலோக உருண்டை. அதிலிருந்து கறுப்புக் கேபிள். பக்கத்தில் பட்டரி. இதுவரை பார்த்தாலே போதும். அதற்குமேல் திருநீறு, பொட்டு, எலுமிச்சம்பழம். கோயிலில் வைத்து ஆசீர்வாதம் வாங்கி வந்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய காரியத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

எங்களை முழங்காலில் உட்காரவைத்தார்கள். நானா வாய் அசைக்காமல் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒங்கம்மா பொட்டு வச்ச கையோட அதுக்கு ஒரு ஐடென்டிட்டி கார்டும் எடுத்துக் குடுத்திருக்கலாம்."

அவர்களுடைய அதிகாரி வந்தார். லெப்டினன்ட். என் வயதுதான் இருக்கும். கன்னத்தில் இன்னும் பரு. "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நானாவைப் பேசவிட்டிருக்க வேண்டும். அவர் என் விலாவில் இடித்தார். ஆனால் இது விஞ்ஞானம் அல்லவா, நானே விளக்கினேன். என் சிங்களம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

"சேர், மழைக்காலத்தில் கிழக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். யார் கண்ணிலும் படாமல் இந்தப் பாலத்துக்குக் கீழேதான் தங்கும். இருட்டினதும் மேலே ஏறும். எத்தனை வருகிறது, எந்த நேரம் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள்..."

"எது?"

"மீன், சேர்."

நானா கண்ணை மூடிக்கொண்டார். லெப்டினன்ட் என்னை நெடுநேரம் பார்த்தார். ரேடியோவில் யாரிடமோ பேசினார். எங்கள் அலுவலகத்துக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை என்பது எங்கள் மூவருக்குமே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விடுவோம்" என்றான் அவருக்குப் பக்கத்தில் நின்ற கோப்ரல்.

இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். எங்கள் தெருக் கோடியில் இருந்த தையல்காரரின் மகனையும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அவனுடைய சைக்கிள் அப்போதும் அவர்கள் வீட்டுச் சுவரில் சாத்தியபடி இருந்தது. அவனுடைய அப்பா வாரத்துக்கு ஒரு தரம் அதற்குக் காற்றடித்து வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் வேலைக்குப் போனேன். முழங்காலில் இருந்தபடியே எனக்கு நினைவு வந்தது அந்தச் சைக்கிள்தான். நிரந்தர வேலை, ஆராய்ச்சி எல்லாம் எங்கோ போய்விட்டன. அன்றைக்கு நான் வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது நானா பேசினார். தலை குனிந்து, தேனாய்ச் சிங்களத்தில்: "மாத்தயா, கீழே ஆறு இருக்கிறது. மெஷினும் இருக்கிறது. மீனைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் விடுங்கள், காட்டாவிட்டால் உங்கள் இஷ்டம்."

லெப்டினன்ட் யோசித்தார். "சரி. மீனைக் காட்டு" என்றார்.

இப்படியாக, நான் தமிழ்ப் பயங்கரவாதியா ஆராய்ச்சி உதவியாளனா என்று தீர்மானிக்கும் பொறுப்பு லெஹெல்லா மீன்களிடம் போயிற்று.

இறங்கினோம். இரும்புக் காலை நட்டேன். எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் நூலையும் சிப்பாய்கள் ஏற்கெனவே அறுத்து எறிந்திருந்தார்கள். திருநீறு தண்ணீர் பட்டதும் கரைந்தது. தலையை இறக்கிவிட்டுத் திரையைப் போட்டேன். லெப்டினன்ட் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்தார். பின்னால் சிப்பாய்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வேறு பொழுதுபோக்கு இல்லை.

திரையில் ஒன்றுமில்லை.

"கொஞ்சம் பொறுங்கள் சேர், வரும்" என்றேன். கொஞ்சம் பொறுத்தார்கள். வரவில்லை. இன்னும் பொறுத்தார்கள். என் வாழ்க்கையில் வேறு எந்தப் பிராணிக்காகவும் நான் அப்படி ஏங்கிக் காத்திருந்ததில்லை, என் மனைவி மன்னிக்க வேண்டும். மீனாட்சி அம்மனிலிருந்து மச்சாவதாரம் வரை மீன் சம்பந்தப்பட்ட எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். நானா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே மடுவில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. சிப்பாய்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள். திரை சுத்தமாக இருந்தது.

கோப்ரலுக்கு ஒரு யோசனை வந்தது. காவலரணின் சமையற்காரரைக் கூப்பிட்டான். வயிறு முன்னே வர ஆள் பின்னே வருகிற தேகம். அவரைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் தலைக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கல் வரை நடக்கச் சொன்னான். அவர் நடந்தார். திரும்பியும் நடந்தார். திரையில் ஒரு புள்ளி விழவில்லை.

"இவரையே காட்டாத மெஷின் மீனைக் காட்டுமா?" என்றான் கோப்ரல். எல்லோரும் சிரித்தார்கள். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. எழுந்து, காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இராணுவ ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்தச் சமையற்காரருக்கு நான் இன்றளவும் கடமைப்பட்டவன். மீன் வரவில்லை என்பது ஒன்று. அந்த வயிறே திரையில் விழவில்லை என்றால் இயந்திரத்துக்குக் கண் அவிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் சிவப்பு அடிக்கோடு ஞாபகத்துக்கு வந்தது. எண்ணெய், பிசுக்கு. மெழுகு.

"சேர், ஒரு நிமிடம். பொட்டை அழிக்க வேண்டும்."

"என்ன?"

"மெஷினின் முகத்தில் பொட்டு இருக்கிறது. அது இருக்கும்வரை வேலை செய்யாது."

"வேலை செய்யாது என்று தெரிந்தால் எதற்கு வைத்தாய்?"

"அம்மா வைத்தார்."

லெப்டினன்ட் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அந்தப் பருமுகத்தில் ஏதோ இளகியது. தன் மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். அழுக்கேறிய வெள்ளைப் பிரித் நூல். "இதுவும் அம்மா கட்டினதுதான்" என்றார். பிறகு, "அழி" என்றார்.

அவர் நல்ல பையன். வேறு எங்காவது சந்தித்திருந்தால் நாங்கள் சேர்ந்து தேத்தண்ணீர் குடித்திருப்போம். ஆனால் அவருடைய நூல் அவருடைய கையிலேயே இருக்கலாம், என் அம்மாவின் பொட்டை அழித்தால்தான் நான் வீட்டுக்குப் போகலாம். இதை எப்படித் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருகிறது.

தலையை வெளியே எடுத்துச் சட்டை நுனியால் தேய்த்தேன். போகவில்லை. மணலைப் போட்டுத் தேய்த்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் அசையவில்லை. யாருடைய தேய்ப்புக்கும் வராத பொட்டு அல்லவா. கடைசியில் நகத்தால் சுரண்டினேன். அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்று, அம்மா தடிப்பாக வைத்த மெழுகை வழித்து வழித்து ஆற்றில் விட்டேன். நகக்கண்ணெல்லாம் சிவப்பாகிவிட்டது. அந்தப் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவளுக்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரிந்தது.

மறுபடி இறக்கினேன். திரை பளிச்சென்று உயிர் பெற்றது. எதிர்க்கரை தெரிந்தது. கல் தெரிந்தது. அப்புறம் ஒரு வெள்ளைக் கீறல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு திரை கொள்ளாமல் கீறல்கள். மடு முழுக்க லெஹெல்லா, மேலே ஏறக் காத்துக்கொண்டு, மூக்கை எதிர்நீரில் வைத்தபடி. இத்தனை நேரமும் எங்கள் காலடியில்தான் இருந்திருக்கின்றன. அவ்வளவு அழகான படத்தை அந்தத் திட்டத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. என்னை மறந்து, "பாருங்கள் சேர், பாருங்கள்" என்று கத்தினேன். சிப்பாய்கள் கைதட்டினார்கள். ஒருவன் என் தோளில்கூடத் தட்டினான். நானா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

லெப்டினன்ட் திரைக்கு மிக அருகில் குனிந்தார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் பயிற்சி அப்படி. "இது கீறல். இது மீன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் பதில் யோசிப்பதற்குள் கோப்ரல் இடுப்பிலிருந்து கைக்குண்டைக் கழற்றிவிட்டான். அவனுக்கு அது புதிய வேலை இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. லெப்டினன்ட் தலையாட்டினார். நானா இயந்திரத்தின் தலையையும் என்னையும் இழுத்துக் கரையில் போட்டார்.

மடு ஒரு தரம் வெள்ளையாக எழும்பி விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. பெரிய பெரிய செதில், வெயிலில் வெள்ளித் தகடு. பெண்மீன்களின் வயிறு முட்டையோடு உப்பியிருந்தது. மகாவலியிலிருந்து அத்தனை தூரம் எதிர்நீரில் ஏறி வந்தவை, என் அடையாளத்தை உறுதிப்படுத்திவிட்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு கீழ்ப்பக்கமாக மிதந்து போயின. சோனார் காட்டியதும் கண்ணால் பார்த்ததும் ஒன்றாயிருந்தது எங்கள் திட்டத்தில் அந்த ஒரு தடவைதான்.

"சரி, மீன்தான்" என்றார் லெப்டினன்ட். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார்.

போகும்போது கோப்ரல் ஒரு சாக்கு நிறைய மீனைக் கொண்டுவந்து ஜீப்பில் போட்டான். "மீன் எண்ணுகிறவர்களுக்கு" என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நாங்களும் நன்றி சொன்னோம். வேறு என்ன சொல்வது? நானா ஜீப்பை ரிவர்ஸ்டன் ஏற்றினார். மேலே பனிக்குள் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, நா பொய் சொல்ல மாட்டேன். மீன் வரல்லாட்டி ஒங்கள விட்டுட்டுப் போறதா, கூட வாறதான்னு யோசிச்சிக்கிட்டு தான் ஓதினேன்." என்ன முடிவு எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா பெட்டியைத்தான் முதலில் திறந்தார். மகனைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்க்கவில்லை.

"பொட்டு எங்கடா?"

"தண்ணில கரைஞ்சிருச்சும்மா."

"மெழுகு தண்ணில கரையுமா?"

நான் கையைப் பின்னால் மறைத்தேன். அம்மா என் கையை இழுத்து விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு அப்படியே இருந்தது. எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒருத்தனும் அடிக்கலையே?"

"இல்ல."

"அப்பச் சரி. போயிக் கைய கழுவு." கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அன்னைக்கி என்னையும் அழிச்சவ நல்லவ தான்டா." சாக்கிலிருந்த மீனை அவர் தொடவில்லை. அப்பா தெருவில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார். தையல்காரர் வீட்டுக்கும் கொடுத்தார். எல்லோரும் நல்ல ருசி என்றார்கள்.

அலுவலகத்தில் எங்கள் தலைவர் நடந்ததைக் கேட்டு வருந்தினார். பிறகு, கருவிகளில் மதச் சின்னங்கள் எதுவும் இடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அதை என்னிடம் தந்து, நானாவோடு போய் மற்ற அலுவலகங்களுக்கும் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஜீப்பின் கண்ணாடியில் பிரித் நூல் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. அந்த மடுவுக்கு அந்த வருடம் மீன் திரும்ப வரவில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அணை கட்டுவதால் பெரிய பாதிப்பு இராது என்று அறிக்கையில் எழுதினார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியனாகி, விலங்கியல் படிப்பித்து, மீன்களின் பிரயாணத்தைப் பற்றிய பாடம் வரும் நாட்களில் லீவு போட்டேன்.

குடும்பத்துக்குள் மட்டும் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போயிற்று. எங்கள் வீட்டில் எது பழுதானாலும், ரேடியோ, மிக்ஸி, பிற்காலத்தில் என் மகளின் கைத்தொலைபேசி, எது பிடிவாதம் பிடித்தாலும் யாராவது ஒருவர் "பொட்ட அழிச்சுப் பாருங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்போம். அம்மாதான் முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் எப்போதும் முழுதாக நம்பியதில்லை.

யுத்தமெல்லாம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, அம்மாவின் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். இருட்டறை, சின்னத் திரை, சின்ன உருளை போன்ற கருவி. டாக்டர் இளம் சிங்களப் பெண். அம்மா பயப்படுவாரே என்று நான் காதில் விளக்கினேன்: "ஒண்ணுமில்லம்மா. அதே சோனார் தான். சத்தம் உள்ள போகும், திரும்பி வரும்."

அம்மா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, தன் நெற்றியில் விரலை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்: "இதை அழிக்க வேண்டுமா மகள்?"

டாக்டருக்கு விளங்கவில்லை. "ஐயோ, எதற்கு அம்மா? அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

"பாத்தியா கதிரு" என்றார் அம்மா. "மெஷினெல்லாம் திருந்திருச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. திரையில் படம் குலுங்கியது. அசையாமல் படுத்திருக்கும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னார் டாக்டர். என்னால் சொல்ல முடியவில்லை.